பட்டறைக்காரரை இறக்க இரண்டு பேர்

லேத் பட்டறைக்காரர் இறந்துபோன மதியமே கட்டிலிலிருந்து பதினெட்டு அங்குலம் மேலே எழும்பி நின்றுவிட்டார். அளந்தது அவர் மனைவி. தையல்காரி, கழுத்தில் எப்போதும் டேப் தொங்கும், அவள் அளவு தப்பாது. தலைப்பக்கத்தைப் பிடித்து அழுத்தினாள். கால் மேலே போனது. காலை அழுத்தினாள், தலை போனது. இரண்டு பேர் இரு பக்கமும் சேர்ந்து இழுத்தால்தான் மனுஷனை இறக்கி அடக்கம் செய்யமுடியும் என்று அவளுக்கு விளங்கிவிட்டது. மகன்கள் சரியாக இரண்டு பேர் இருந்தார்கள். வினையே அங்கேதான்.

ஊரில் கடவுள் மறுப்புச் சங்கம் தொடங்கியதே பட்டறைக்காரர்தான். யார் செத்தாலும் சடங்கு கிடையாது. இரண்டு நிமிடம் பேசாமல் எழுந்து நிற்பார்கள், தீர்ந்தது. அப்பாவுக்கும் அப்படியே நிற்கவேண்டும் என்றான் மூத்தவன். வாயை மூடி நிற்பதே வேண்டுதல்தான், யார் கேட்பதற்காக அந்த மௌனம் என்று பாய்ந்தான் இளையவன். துக்கத்துக்கு வந்தவர்கள் வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் சங்கம் இரண்டாகிவிட்டது. சாமி இல்லை என்பதில் இருவருக்கும் இம்மியளவும் சந்தேகமில்லை; எப்படி இல்லை என்பதில்தான் வெட்டுக்குத்து.

“உங்க சண்டைய அப்புறம் வச்சுக்குங்கடா. ஆளுக்கொரு பக்கம் புடிச்சு அப்பாவ இறக்குங்க” என்றாள் அம்மா.

“எங்கேருந்தும்மா இறக்கறது? கட்டில்லதான படுத்திருக்காரு” என்றான் மூத்தவன்.

“செத்தவங்க மிதக்கமாட்டாங்கம்மா” என்றான் இளையவன், கட்டிலில் கிடந்த தன் துண்டை அப்பாவுக்கு அடியில் கையை விட்டு எடுத்துக்கொண்டே. அந்த ஒரு விஷயத்தில் மட்டும் அண்ணன் தம்பிக்குள் அப்படியொரு ஒற்றுமை.

“நான் மட்டும் சாமி இருக்குன்னா சொல்றேன்? உங்கப்பா மேல இருக்காருன்னுதானேடா சொல்றேன்!”

இருவரும் ஆளுக்கொரு பக்கமாகப் போனார்கள். அப்புறம் ஒருவன் வந்தால் மற்றவன் வரமாட்டான். உடம்பு கெடவுமில்லை, நாறவுமில்லை. நின்றுகொண்டு மௌனமா, உட்கார்ந்துகொண்டா என்று மூத்தவன் கூட்டம் உடைந்த வாரம் அவர் ஒரு முழம் ஏறினார். கடவுள் என்ற சொல்லையே வாயால் சொல்லலாமா என்று இளையவன் கூட்டம் உடைந்தபோது இன்னொரு முழம். பதினோராம் வருடம் அவர் முகம் கூரையில் போய் ஒட்டிக்கொண்டது. இனி அந்த முகத்தைப் பார்க்கவே முடியாது என்று தெரிந்த அன்று அவள் வாய்விட்டு அழுதாள். அதன்பிறகு ஒட்டடை அடிக்கும்போதெல்லாம் அவர் முதுகையும் சேர்த்துத் துடைத்துவிட்டாள்.

இருபதாம் வருடம் ஒரு காலையில் தையல் மிஷினின் மிதி அவள் காலுக்கு எட்டவில்லை. நாற்காலிக்கும் தனக்கும் நடுவே டேப்பை விட்டு அளந்தாள், இரண்டு அங்குலம். யாரைக் கூப்பிட்டுச் சொல்வது? மிதியின்மேல் ஒரு கட்டையை வைத்துக் கட்டிவிட்டு, பாதியில் நின்ற சட்டைக்குக் காலர் தைத்தாள். அவர் ஏறின வேகத்திலேயே போனால் அவர் பக்கத்தில் போய்ச் சேர பதினோரு வருடம் ஆகும். பிள்ளைகள் இன்னொரு தரம் உடைந்தால் அவ்வளவு காத்திருக்க வேண்டியதில்லை.