ஒரே ரேஷன் பருப்பு

பட்டம்மாளுக்கும் மதிக்கும் சர்க்கரை வியாதி இருப்பது ஒரே நாளில்தான் தெரிந்தது. எர்ணாவூர் வாரியக் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் பந்தல் போட்டு மருத்துவ முகாம் நடத்தினார்கள். பட்டம்மாளுக்கு இருநூற்றுப் பதினான்கு, மதிக்கு இருநூற்று ஒன்பது. மூன்றாவது மாடியில் அடுத்தடுத்த வீடு இருவருக்கும். மதி அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டாள்.

"இன்னாத்துக்கு அழுவுற? நான் கீறேன் இல்ல? ரெண்டு பேரும் சேர்ந்தே ஆஸ்பத்திரி போலாம், சேர்ந்தே எறக்கிடலாம்" என்று அவளைக் கைப்பிடித்து மேலே அழைத்து வந்தவள் பட்டம்மாள்தான். ஐந்து வயது மூத்தவள், பள்ளிக்கூடத்தில் ஆயாவாக வேலை பார்ப்பவள், நாலு விஷயம் தெரிந்தவள். மதிக்கு அவள் சொன்னால் சரி.

டாக்டர் இருவருக்கும் ஒரே மாத்திரையைத்தான் எழுதினார். சொன்னதும் ஒன்றுதான். சோற்றைக் குறைக்கணும், அந்த இடத்தில் பருப்பும் பயறும் காயும் வரணும், தினமும் நடக்கணும். இருவரும் ஒரே ரேஷன் கடையில் வரிசையில் நின்று துவரம்பருப்பு வாங்கினார்கள். மார்க்கெட்டில் ஒரே மூட்டையிலிருந்து பச்சைப்பயறும் கொள்ளும் அளந்து வாங்கினார்கள்.

முதல் மாதம் இருவருக்கும் கொஞ்சம் இறங்கியது. இரண்டாவது மாதம் மதிக்கு நூற்று ஐம்பது, பட்டம்மாளுக்கு நூற்று எண்பத்தெட்டு. மூன்றாவது மாதம் மதிக்கு நூற்று இருபத்திரண்டுக்கு வந்துவிட்டது. பட்டம்மாளுக்கு நூற்றுத் தொண்ணூற்று நான்கு.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தம் எடுக்கும் நர்ஸ் சௌமியா சீட்டில் எழுதிக்கொண்டே சொன்னாள். "கூட வந்தவங்களப் பாருங்கக்கா, எவ்வளவு கட்டுப்பாடா இருக்காங்க. அவங்களக் கேட்டுக் கத்துக்குங்க."

கத்துக்கணுமாம். தான் கையைப் பிடித்து அழைத்து வந்தவளிடம்!

வெறும் வயிற்றோடு ரத்தம் கொடுத்துவிட்டு, வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்து சாப்பிடுவது இருவரின் வழக்கம். மதி டப்பாவைத் திறந்து ஒரு பயறு அடையை எடுத்து நீட்டினாள். இஞ்சியும் சீரகமும் அரைத்து, முருங்கைக்கீரை போட்டு, ஓரம் மொறுமொறுவென்று வெந்திருந்தது. பட்டம்மாள் அவித்துக் கொண்டுவந்திருந்த பயறு அதற்கு முன்னால் மருந்துபோலக் கிடந்தது. பட்டம்மாள் இரண்டு வாய் தின்றாள். மூன்றாவது வாய்க்கும் நாக்கு கேட்டது.

"உப்பு பத்தல" என்று சொல்லி மீதியை டப்பாவில் வைத்துவிட்டாள்.

அன்றிலிருந்து அவளுக்குப் பக்கத்து வீட்டுக் குக்கரின் விசில் காதிலேயே விழுந்துகொண்டிருந்தது. எத்தனை விசில் என்று எண்ணினாள். பூண்டு தாளிக்கும் வாசம் வந்தால் கையில் இருக்கும் வேலையை விட்டுவிட்டு மூக்கை உறிஞ்சினாள். ஒருநாள் மதி வீட்டு வாசலில் வைத்திருந்த குப்பைக்கூடையைக்கூட எட்டிப் பார்த்தாள். கீரைக்காம்பும் பீர்க்கங்காய்த் தோலும்தான் கிடந்தன. நாட்டு மருந்து ஏதாவது ரகசியமாகச் சாப்பிடுகிறாளோ? கேட்டால் சொல்லமாட்டாள், கள்ளி.

தன் பங்குக்குப் பட்டம்மாளும் ஒன்றும் குறை வைக்கவில்லை. விடியற்காலை எழுந்து கணவன் துரைக்கும் மகன் பாரிக்கும் ஒரு பானை சோறும் மீன் குழம்பும் வைப்பாள். துரை சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் லோடு ஏற்றுகிறவன். சோறு மலையாகக் குவிந்திருக்க வேண்டும். பாரிக்கு மணலியில் கம்பெனி வேலை. அவனுக்கும் குழம்பு இல்லாமல் இறங்காது. அவர்களுக்குச் சாப்பாடு கட்டிக்கொடுத்த பிறகு தனியாக ஒரு சின்னப் பாத்திரத்தில் தனக்குப் பருப்பு வேகவைப்பாள். உப்பு போட்டு, கண்ணை மூடிக்கொண்டு விழுங்குவாள். அப்புறம் மத்தியானம் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், பானையில் ஒட்டியிருக்கும் சோற்றைக் குழம்புச் சட்டியில் போட்டுப் பிசைந்து, நின்றவாறே நாலு வாய். கொட்டவா முடியும்? அது அவளுக்குச் சாப்பாட்டில் சேர்த்தியே இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கறிவேப்பிலை கேட்கும் சாக்கில் மதியின் வீட்டுக்குள் நுழைந்தாள். மதி கட்டிலில் உட்கார்ந்து தலை சீவிக்கொண்டிருந்தாள். அவள் புருஷன் செங்குட்டுவன், கன்டெய்னர் யார்டில் கிரேன் ஓட்டுகிறவன், சமையல்கட்டுத் தரையில் சட்டியைக் காலிடுக்கில் வைத்துக்கொண்டு மத்தால் பருப்பு கடைந்துகொண்டிருந்தான்.

"வாக்கா. ஒரு வாய் துன்ட்டுப் போ" என்றான்.

தனக்கும் மதிக்குமாக இரண்டு தட்டு வைத்தான். இரண்டிலும் கைப்பிடிச் சோறு, அதைச் சுற்றிக் கீரை போட்டுக் கடைந்த பருப்பு, பீர்க்கங்காய்ப் பொரியல். இரண்டும் ஒரே அளவு.

"உனுக்கும் சுகராப்பா?" என்று கேட்டாள் பட்டம்மாள்.

"எனுக்கு இன்னா சுகரு? அது தனியா குந்திகினு பருப்பத் துன்னா எறங்க மாட்டேங்குது. ரெண்டு நாளு பாத்தேன். அப்பால நானும் இதையே துன்ன ஆரம்பிச்சிட்டேன். இப்ப எனுக்கே பழகிப் போச்சு."

மதி சிரித்தாள். "மொதல்ல கடையத் தெரியாதுக்கா. சுவரெல்லாம் தெறிக்க உட்டுச்சு."

பட்டம்மாள் கறிவேப்பிலையை வாங்காமலேயே வந்துவிட்டாள். இத்தனை நாள் மதியின் எண்ணைப் பார்த்துத்தான் எரிந்தாள். இப்போது அந்த இரண்டு தட்டும் கண்ணைவிட்டுப் போகவில்லை. கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் அவளுக்கென்று யார் ஒரு தட்டு வைத்தார்கள்?

துரையிடம் சொன்னாள். அவன் மீன் முள்ளை எடுத்துக்கொண்டே சிரித்தான். "பருப்பு கடையறானா? வேற வேல இல்லியா அவனுக்கு? குழம்பு ஊத்துமே."

அடுத்த புதன்கிழமை சுகாதார நிலையத்தில் மதி சீட்டு வாங்க வரிசையில் நின்றபோது, பட்டம்மாள் முன்னால் போய் நர்ஸிடம் குனிந்தாள்.

"சிஸ்டர், உங்களாண்ட சொல்லணும்னு பாத்தேன். அது இங்க வர்றதுக்கு மூணு நாளு முன்னாடியே பட்டினி கெடக்குது. அதான் கம்மியா காட்டுது. ஏதாவது ஆயிடப்போவுதுன்னு எனுக்குப் பயமா கீது."

சொல்லும்போதே மதி நிற்கும் வரிசையைத் திரும்பிப் பார்த்தாள். ஆனாலும் சொல்லி முடித்தாள்.

மதி வந்து கையை நீட்டியதும் சௌமியா குரலை உயர்த்தினாள். "எங்களை ஏமாத்துறதா நெனச்சு உங்களையே ஏமாத்திக்காதீங்க. பட்டினி கிடந்து மயக்கம் போட்டா யாரு பொறுப்பு?" வரிசையே திரும்பிப் பார்த்தது. மதிக்கு ஒன்றும் புரியவில்லை. "நானா? நானா சிஸ்டர்?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் சோதனைக்கு இருவரிடமும் ரத்தம் எடுத்துக்கொண்டு, ஒரு வாரம் கழித்து வரச் சொன்னாள் நர்ஸ். திரும்பும் வழியெல்லாம் மதி புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டே வந்தாள். பட்டம்மாள் ஆட்டோவின் கம்பியைப் பிடித்துக்கொண்டு ரோட்டில் நின்ற டிரெய்லர் லாரிகளையே பார்த்து வந்தாள்.

மறுவாரம் முடிவு வந்தது. அந்தச் சராசரி ஏழுக்குள் இருக்க வேண்டும். மதிக்கு ஆறு புள்ளி நான்கு. பட்டம்மாளுக்கு ஒன்பது புள்ளி ஒன்று.

சௌமியா எழுந்து நின்று மதியின் தோளைத் தொட்டாள். "மன்னிச்சுக்கங்கக்கா. மூணு நாள் பட்டினியில இது இறங்காது. மூணு மாசமும் ஒழுங்கா இருந்திருக்கீங்க. உங்க கூட வர்ற அக்காதான் பயந்துபோய் அப்படிச் சொன்னாங்க. அக்கறையிலதான் சொல்லியிருப்பாங்க."

மதி திரும்பிப் பட்டம்மாளைப் பார்த்தாள். வேப்பமரத்தடிக்கு வந்ததும் நின்றாள்.

"நான் இன்னாக்கா பண்ணேன் உனுக்கு?"

பட்டம்மாள் சீட்டை மடித்து இடுப்பில் செருகினாள்.

"நீ தெனம் மத்தியானம் நின்னுகினே சட்டிய வழிச்சுத் துன்றது உங்க வூட்டு ஜன்னல்ல தெரியுது. நான் ஒரு நாளு சிஸ்டராண்ட போட்டுக் குடுத்தேனா? உன்னாண்டயாவது கேட்டேனா? கேட்டா மனசு கஷ்டப்படுவியேன்னு சும்மா இருந்தேன். என்னை நாலு பேரு எதிர்ல நிக்க வெச்சுட்டியே."

அவள் தனியாக ஆட்டோ ஏறிப் போய்விட்டாள். பட்டம்மாள் எர்ணாவூர் வரை நடந்தே வந்தாள்.

வீட்டில் குழம்புச் சட்டி அடுப்பின் மேல் இருந்தது, அடியில் ஒரு கரண்டி குழம்போடு. பானையில் சோறு ஒட்டியிருந்தது. இரண்டையும் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு தண்ணீரை ஊற்றி ஊறப்போட்டாள்.

மறுநாள் காலை ஒரே ஒரு சட்டிதான் ஏற்றினாள். பூண்டும் வரமிளகாயும் தாளித்து, கீரை போட்டுக் கடைந்த பருப்பு. கொள்ளுத் துவையல். சோறு பாதி.

துரை தட்டைத் தள்ளினான். "இன்னாமே இது, ஆஸ்பத்திரிச் சோறு? எனுக்கா சுகரு?"

"இனிமே இந்த வூட்ல ரெண்டு சட்டி கெடையாது. மீனு ஞாயித்துக்கெழம. சோறு பத்தலன்னா நீயே வடிச்சுக்கோ."

"உனுக்கு இன்னா ஆச்சு?"

"ஒம்பது ஆச்சு. சீட்டு அங்க கீது, பாரு."

துரை கோபித்துக்கொண்டு இரண்டு நாள் கடையில் பரோட்டா தின்றான். பாரி சீட்டை எடுத்துப் படித்தான். தட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். "நீயும் குந்தும்மா" என்றான். மூன்றாம் நாள் துரை வந்து, "கருவாடாவது சுடுவியா, அதுவும் கெடையாதா?" என்றான். சுட்டுக் கொடுத்தாள். பருப்புச் சோற்றைத் தின்றுவிட்டு, நல்லா இருக்கிறது என்று சொல்லாமல் இன்னும் ஒரு கரண்டி ஊற்றிக்கொண்டான்.

அடுத்த மாதம் இருவரும் தனித்தனியே போனார்கள். பட்டம்மாளுக்கு நூற்று ஐம்பத்தெட்டு. அன்று சாயங்காலம் மதியின் கதவைத் தட்டினாள்.

மதி பாதிக் கதவைத் திறந்தாள்.

"நான் சொன்னது பொய்யி. பயத்துல சொல்லல, வயித்தெரிச்சல்ல சொன்னேன். சிஸ்டராண்டயும் இன்னிக்கு அதையே சொல்லிட்டேன்."

"தெரியும்" என்றாள் மதி. "எவ்ளோ வந்துச்சு?" என்று கேட்டாள்.

"நூத்தி அம்பத்தெட்டு. உனுக்கு?"

"நூத்திப் பதினெட்டு."

பட்டம்மாளுக்குச் சுருக்கென்றது. இப்போதும் குத்தத்தான் செய்தது. மறைக்கப் பார்த்தாள், முடியவில்லை. மதி அதைக் கவனித்தாள்.

உள்ளேயிருந்து செங்குட்டுவன், "யாரு?" என்று கேட்டான்.

"பட்டக்கா."

"உள்ள வரச்சொல்லு."

மதி அவளை உள்ளே கூப்பிடவில்லை. கதவை மூடவும் இல்லை. நிலையில் சாய்ந்துகொண்டு, "அடுத்த தபா எத்தினி மணிக்குக் கெளம்புற?" என்றாள்.

"ஏழரைக்கு."

"ஆட்டோ நிக்கிற எடத்துல நில்லு. வர்றேன்."