காயாத வரிசை

ரோஹிணிக்குப் பேச வராது என்று இரண்டு மாப்பிள்ளை வீட்டார் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். வராமல் இல்லை. புது ஆள் முன்னால் நின்றால் தொண்டையில் ஏதோ வந்து உட்கார்ந்துகொள்ளும். அவர்கள் படி இறங்கிய பிறகுதான் அது எழுந்து போகும்.

மூன்றாவது வரன் பாலசமுத்திரத்திலிருந்து வந்தது. பையன் பெயர் மணிவேல். ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் ஷிப்டு வேலை. லீவு கிடைத்தால் ஊருக்கு ஓடிப்போய் மாந்தோப்பில் நிற்பான் என்றார், வரனைக் கொண்டுவந்த பக்கத்து வீட்டு சுந்தரம்மா. ரோஹிணியின் அப்பா முனிகிருஷ்ணன் சித்தூரில் பஸ் ஏறிப் போய் அந்தத் தோப்பைப் பார்த்தார். அங்கே நின்றபடியே, திருப்பதியில் ஹாஸ்டலில் இருந்த மகளுக்கு லொகேஷன் அனுப்பினார். பிறகு போன் செய்தார்.

"இந்த வாட்டி நீயே வாயத் தொறந்து சொல்லணும்மா. ஒண்ணும் சொல்லலன்னா வேணாம்னு சொல்லி அனுப்பிடுவேன். அப்புறம் நைனா என்னக் கேக்கவே இல்லன்னு சொல்லக்கூடாது."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் அவளுக்குப் பயமாக இருந்தது.

திருப்பதியில் அவள் பார்த்தது படம் பார்க்கிற வேலை. தனியார் செயற்கைக்கோள்கள் மேலிருந்து எடுத்து விற்கும் படங்களில் தோப்புக்கும் வயலுக்கும் எல்லை வரைய வேண்டும். மாங்கூழ் தொழிற்சாலைகள் அதை விலைக்கு வாங்கும். எந்த ஊரில் எத்தனை மரம், எத்தனை வயது என்று சீசனுக்கு முன்பே தெரிந்தால் அவர்களுக்கு வசதி. மரத்தின் வயதைச் சொல்ல அதே இடத்தின் பழைய படங்களையும் வருடவாரியாக எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கும். படங்கள் அவளைப் பேசச் சொன்னதில்லை. அந்த வேலை அவளுக்குப் பிடித்திருந்தது.

அந்த மாதம் அவள் கையில் இருந்தது பாலசமுத்திரம் மண்டலம். அப்பா அனுப்பிய இடம் வந்ததும் நிறுத்தினாள்.

"எல்லாரும் மாப்பிள போட்டோ பாப்பாங்க. நீ இன்னாடி, அவங்க கொல்லய பாத்துக்கினு இருக்கற" என்றாள் பக்கத்து நாற்காலி பவ்யா.

ரோஹிணி படத்தைப் பெரிதாக்கினாள். சில வருடங்களுக்கு முன் பெரிய வறட்சி வந்த கோடையின் படம் திரையில் இருந்தது. உயிருள்ள இலை, கண்ணுக்குத் தெரியாத ஓர் ஒளியை நிறையத் திருப்பி அனுப்பும். அந்த ஒளியைத் திரையில் சிவப்பாக்கிப் பார்ப்பார்கள். சுற்றுவட்டாரம் முழுக்கச் சாம்பல் நிறம். மணிவேலின் தோப்பில் கன்று நட்டு இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது, அதுவும் சாம்பல். ஆனால் கிழக்கு ஓரத்தில் ஒரே ஒரு வரிசை மட்டும் சிவப்புப் புள்ளிகளாக நின்றது, யாரோ குங்குமம் தொட்டு வைத்ததைப் போல. அந்த வரிசையின் நடுவில் இரண்டு புள்ளிகள் இல்லை.

போர்வெல் தண்ணீராக இருந்தால் தோப்பு முழுக்கப் பிழைத்திருக்கும். இது யாரோ கையால் ஊற்றிய தண்ணீர். அடுத்தடுத்த வருடப் படங்களில் மற்ற வரிசைகளில் புதுக் கன்றுகள் வந்துவிட்டன. அந்த இரண்டு இடம் மட்டும் இன்றுவரை காலி.

யார் ஊற்றியது? அவனா, கூலிக்கு வைத்த ஆளா? ஞாயிற்றுக்கிழமைவரை அது அவள் மனதைவிட்டு நகரவில்லை. அவனாக இருந்தால் சரி என்று சொல்லிவிடலாம். ஆனால் அதைத் தெரிந்துகொள்ள அவனிடம் பேச வேண்டும்.

ஞாயிறு காலை மாப்பிள்ளை வீட்டார் சித்தூரில் வந்து இறங்கினார்கள். கேசரியும் காப்பியும் முடிந்ததும், சின்னவங்க ரெண்டு வார்த்தை பேசட்டும் என்று சுந்தரம்மா இருவரையும் மொட்டை மாடிக்கு அனுப்பினார். மணிவேல் தன் வேலையைப் பற்றிச் சொன்னான், ஷிப்டைப் பற்றிச் சொன்னான், வெயிலைப் பற்றியும் சொன்னான். சொல்ல ஒன்றும் மீதியில்லாமல் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஏதாவது கேட்க வேண்டுமா என்றான். அவள் கொடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவன் தலையை ஆட்டிவிட்டுப் படிப்பக்கம் திரும்பினான்.

"அந்தக் கெழக்கு வரிசைக்கு யாருங்க தண்ணி ஊத்தனது?"

அவன் திரும்பினான். "இன்னாங்க?"

"பெரிய வறட்சி வந்திச்சே, அப்போ. உங்க தோப்புல ஒரு வரிசை மட்டும் காயல."

அவன் வெட்கப்பட்டுக்கொண்டு சொன்னான். போர் வற்றிப்போன வருடம் அது. டேங்கர் தண்ணீர் மனுஷனுக்கே போதவில்லை, மரத்துக்கு ஒரு சொட்டுக்கூடக் கிடையாது என்று அவன் அப்பா சொல்லிவிட்டார். குளிக்க மட்டும் ஆளுக்கு ஒரு பக்கெட். அவன் தன் பக்கெட்டை சைக்கிளில் கட்டிக்கொண்டு தோப்புக்குப் போய்விடுவான். தினம் ஒரு கன்றின் பக்கத்தில் உட்கார்ந்து குளிப்பான். ஒரு வரிசைக்குத்தான் கட்டுப்படியானது.

"சோப்பு போட்டா வேருக்கு ஆகாதுன்னு வெறுந் தண்ணிதான். காலேஜ்ல ஒருத்தனும் என் பக்கத்துல ஒக்கார மாட்டான்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. "நடுவுல ரெண்டு போய்ட்ச்சே?"

"எனக்கு அம்மை போட்டுட்ச்சி. தலைக்குத் தண்ணி ஊத்தற வரைக்கும் குளிக்கவே கூடாதுன்னுட்டாங்க எங்கம்மா. ஏந்து போய்ப் பாத்தா அது ரெண்டும் கருகிப்போய்க் கெடந்திச்சி. இதெல்லாம் எங்க வீட்லயே பாதி பேருக்குத் தெரியாதுங்க. உங்களுக்கு யார் சொன்னாங்க?"

அவள் விரலை மேலே காட்டினாள். தன் வேலையைப் பற்றிச் சொன்னாள். ஒரே மூச்சில் அவ்வளவு வார்த்தைகளை அவள் புது ஆளிடம் பேசியதில்லை. அவன் வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தான். திடீரென்று அவன் முகம் மாறியது.

"அப்போ நான் குளிச்சிக்கினு இருந்ததும் அதுல…"

"ஆளெல்லாம் தெரியாதுங்க" என்றாள் அவசரமாக. "மரம்தான் தெரியும்."

கீழிருந்து சுந்தரம்மா கூப்பிட்டார். அவன் முதல் படியில் கால் வைத்தான்.

"அந்த ரெண்டு எடத்துல மட்டும் ஏன் இன்னும் வைக்கல?" என்றாள்.

"மத்ததெல்லாம் மழயில்லாம போச்சி. அது ரெண்டும் என்னால போச்சி. வைக்க மனசு வர்லங்க."

தொண்டையில் பழையபடி ஏதோ வந்து உட்காரப் பார்த்தது. அவள் அதற்கு இடம் கொடுக்கவில்லை.

"மழ வரட்டும். நாம வைக்கலாம்."

அவன் படியிலேயே நின்றுவிட்டான். அவனைத் தாண்டிக்கொண்டு அவள்தான் முதலில் இறங்கினாள். கூடத்தில் அப்பா எழுந்து நின்றுகொண்டிருந்தார். வேண்டாம் என்பதை மரியாதையாக எப்படிச் சொல்வது என்று யோசித்து வைத்திருந்த முகம்.

"நைனா, எனக்கு சரி" என்றாள், எல்லோருக்கும் கேட்கும்படி.

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பேசாத பொண்ணுன்னு சொன்னாங்களே என்று யாரோ கேட்டதற்கு, எவ சொன்னா என்று சண்டைக்குப் போனார் சுந்தரம்மா.

புறப்படும்போது மணிவேல் வாசலில் செருப்பை மாட்டினான். பிறகு ஒருதரம் வானத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டான்.