பத்து மணிச் சாப்பாடு

நல்லெண்ணெய்ப் போத்தல் ஒன்பது நாளில் முடிந்தபோதுதான் இராகுலனுக்கு முதல் சந்தேகம் வந்தது.

வீட்டில் அவனும் மனைவி நிரோஜினியும் மூன்று மாதக் கைக்குழந்தையும்தான். அவனுக்குத் துறைமுகத்துக்கு அந்தப் பக்கம், கோதுமை மா ஆலையில் வேலை. நிரோஜினி பிறந்ததிலிருந்தே சைவம். கோதுமை அவளுடைய குடலைப் புண்ணாக்குகிறது என்று இரண்டு வருடத்துக்கு முன் கண்டுபிடித்ததிலிருந்து பாண், ரொட்டி எல்லாம் நின்றுவிட்டன. இராகுலன்கூட வேலையால் வந்ததும் கிணற்றடியில் மாத்தூசு போகக் குளித்துவிட்டுத்தான் உள்ளே வருவான். பிள்ளை பிறந்த பிறகு அதன் மலத்தில் இரத்தம் கண்டது. மாட்டுப்பால் பிள்ளைக்கு ஒவ்வாது, தாயும் பாலோ பால்மாவோ தொடக்கூடாது என்று டொக்டர் சொன்னார். மிஞ்சியது அரிசியும் பருப்பும் தேங்காயும் மரக்கறியும்.

போன மாதம் மிட்வைஃப் வந்து பிள்ளையை நிறுத்துப் பார்த்தபோது நிறை கூடியிருக்கவில்லை.

“தாய்க்கு இன்னும் ஒரு நேரச் சாப்பாடு வேணும்,” என்று அவர் இராகுலனிடம் சொன்னார். “மீன், முட்டை, பால், பாண் ஒண்டுமில்லாத ஆளுக்குச் சோத்தை மட்டும் கூட்டினாக் காணாது. நல்லெண்ணெய், கச்சான் கடலை, உழுந்து, தேங்காய் எண்டு சத்தானதாக் குடுங்கோ. கிளினிக்கில தந்த குளிசையையும் விடக்கூடாது.”

அவன் அன்றைக்கே கடைக்குப் போய் எல்லாவற்றையும் வாங்கிவந்தான். உழுந்தும் கச்சானும் குறைந்துகொண்டே போயின. ஆனால் அவனோடு இருந்து சாப்பிடும்போது நிரோஜினி அரைக் கோப்பைச் சோற்றுக்கு மேல் போடவிடமாட்டாள். அவன் அகப்பையை எடுத்தாலே கோப்பையைக் கையால் மூடிவிடுவாள்.

“காணும்.”

“எண்ணெய் எங்க போகுது?”

“சமைக்கிறன்தானே.”

சமைத்ததை யார் சாப்பிடுகிறார்கள் என்று கேட்க நினைத்தவன், தன் சோற்றைப் பிசைந்தான்.

இந்த மாதம் மிட்வைஃப் வந்தபோது பிள்ளைக்கு எழுநூறு கிராம் கூடியிருந்தது. அவர் கொப்பியில் கோடு மேலே ஏறியதைக் காட்டிச் சிரித்தார். நிரோஜினி சிரிக்கவில்லை. குனிந்து பிள்ளையின் சட்டையைச் சரிசெய்துகொண்டிருந்தாள். அரைக் கோப்பைச் சோற்றில் இந்த நிறை எப்படி வந்தது? களவாகப் பால்மா கரைத்துக் கொடுக்கிறாளோ? மறுபடி இரத்தம் கண்டால்?

அன்று பின்னேரம் அவள் குளிக்கப்போன நேரம் அலுமாரியைத் திறந்து சேலைகளுக்குக் கீழே தேடினான். ஒன்றும் இல்லை. அதில் அவனுக்கு நிம்மதி வரவில்லை. வீட்டில் இல்லையென்றால் வேறெங்கோ இருக்கிறது என்றுதான் மனம் சொன்னது.

அடுத்த நாள் பத்து மணிக்கு ஆலையிலிருந்து போன் எடுத்தான். பதில் இல்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. கேட்டபோது, “பிள்ளைக்குப் பால் குடுத்தனான்,” என்றாள். பிள்ளையைத் தூக்கினான். சட்டையில் ஏலக்காய் மணந்தது. அவர்கள் வீட்டில் ஏலக்காயே இல்லை.

பின்வளவு வீட்டில் இருந்த ஸுல்பிகா, துறைமுகக் கந்தோர்களுக்கு மத்தியானச் சாப்பாட்டுப் பார்சல் கட்டுகிறவர். அவருடைய குசினியில் எப்போதும் ஏலக்காய் மணக்கும். இராகுலன் கணக்கை முடித்துவிட்டான். எண்ணெயும் உழுந்தும் அங்கே போகின்றன. பதிலுக்கு அங்கேதான் பால்மா கரைக்கப்படுகிறது.

வியாழக்கிழமை அரைநாள் லீவு போட்டுவிட்டுப் பத்து மணிக்கு வந்தான். படலையடியில், ஊருக்குள் திரியும் மான்களில் ஒன்று குப்பைக் கூடையை முகர்ந்துகொண்டு நின்றது. வீடு பூட்டியிருந்தது. சுவரோரமாகப் பின்வளவுக்குப் போய், ஸுல்பிகாவின் குசினி வாசலில் நின்றான்.

நிரோஜினி கதிரையில் இருந்து உழுத்தங்களி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். பெரிய கோப்பை. களியின் நடுவில் நல்லெண்ணெய் குளமாக நின்றது. பக்கத்தில் கச்சான் சம்பலும் சோறும். யாரோ பறித்துவிடுவார்கள் என்பதுபோல் அவசர அவசரமாக விழுங்கினாள். பிள்ளை ஸுல்பிகாவின் தோளில் நித்திரை.

அவனைக் கண்டதும் நிரோஜினி கோப்பையைக் கையால் மூடினாள்.

“இதை ஏன் இஞ்ச வந்து சாப்பிடுறாய்?”

“வீட்டில சாப்பிட ஏலாது.”

“ஆர் தடுத்தது?”

“நீங்கள்தான். பிள்ளையின்ர முப்பத்தொண்டுச் சடங்கில, உங்கட ஆலை ஆக்களுக்கு முன்னால என்ன சொன்னீங்கள்? இவவுக்குத் தீன் போடத் துறைமுகத்துக்குத் தனிக் கப்பல் வரவேணும் எண்டு. எல்லாரும் சிரிச்சவை. எனக்கு விடிஞ்சா பொழுதுபட்டா பசி. பிள்ளை குடிக்கக் குடிக்கப் பசி. எண்ணெய் எங்க போகுது எண்டு வேற கேட்டீங்கள். என்ர வயித்துக்குள்ள எண்டு எப்பிடிச் சொல்லுறது?”

அந்தப் பகிடி அவனுக்கு மறந்தேபோயிருந்தது.

ஸுல்பிகா அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். “தம்பி, நீங்க வந்து நிண்ட விதம் சரியில்ல. என்னெண்டு நினைச்சி வந்தீங்க?”

பொய் சொல்ல அவனுக்கு வரவில்லை. “பால்மா… இஞ்ச வைச்சுக் குடுக்கிறீங்கள் எண்டு நினைச்சிட்டன், அக்கா.”

“நானும் மூணு புள்ள வளத்தவ. ஒவ்வாதெண்டு சொன்ன சாமான ஒரு பச்சப்புள்ளைக்கு ஊத்துவனா?”

“பிழைதான்.”

“என்னட்டச் சொல்லி என்ன?” பிள்ளையை அவன் கையில் கொடுத்துவிட்டு அவர் அடுப்படிக்குப் போனார். “அவட களி ஆறுது.”

நிரோஜினி கண்ணைத் துடைத்துக்கொண்டு மிச்சத்தைச் சாப்பிட்டாள். அவன் பிள்ளையோடு நின்றான்.

அதோடு எல்லாம் சரியாகிவிடவில்லை. பத்து மணிக்கு அவள் பின்வளவுக்குப் போவது நிற்கவில்லை. வீட்டில் முதல் கிழமை அரைக் கோப்பைதான். இராகுலன் இப்போது பரிமாறுவதில்லை. சட்டியை அவள் பக்கம் நகர்த்திவிட்டுக் குனிந்து தன் சோற்றைச் சாப்பிட்டான். உழுந்து கொண்டுபோனால் ஸுல்பிகா வாசலிலேயே வாங்கிக்கொண்டார். உள்ளே வரச் சொல்லவில்லை.

மூன்றாவது கிழமை, ஒரு ஞாயிறு மத்தியானம், நிரோஜினி சட்டியை வழித்துத் தன் கோப்பையில் போட்டாள். பிறகு அவனை நேராகப் பார்த்தாள்.

“காணாது. இன்னும் கொஞ்சம் சோறு வடியுங்கோ.”

“ஓம்,” என்று அவன் எழும்பி அரிசியைக் கழுவப் போனான்.