மேடையில் ஒரு மௌனம்

அரசனின் அங்கியைக் கழற்றக்கூட நேரமில்லாமல், ஹம்ஃப்ரி தன் வசனச் சுருளைக் கிழித்துக் கிழித்துக் கணப்பில் போட்டுக்கொண்டிருந்தான். ஈரக் காற்றில் நமுத்துப்போயிருந்த காகிதம் எளிதில் பற்றவில்லை. கதவுக்கு வெளியே காவலர்களின் ஈட்டிக் கட்டைகள் இடித்தன.

"சீக்கிரம்டா! ஊது!" என்றான் லாரன்ஸ். நாடகத்தை எழுதியவன். குழுவில் எல்லோருக்கும் அவன்தான் வாத்தியார்.

"ஊதிட்டுத்தானே இருக்கேன் வாத்தியாரே. வேணும்னா கொஞ்சம் கவிதை சொல்லேன், அதுலயாவது பத்திக்குதான்னு பார்ப்போம்."

ஹம்ஃப்ரியின் மனைவி மார்ஜரி, குழுவின் உடைகளைத் தைப்பவள், கதவுக்குக் குறுக்கே துணிப்பெட்டியை இழுத்துப் போட்டாள். சுவரோரமாக ஜாஸ்பர் நின்றிருந்தான். இன்னும் கலகக்காரப் பிரபுவின் வேஷம், இடுப்பில் தகரக் கத்தி. முகத்தில் பூசிய மாவு வியர்வையில் கோடு கோடாக இறங்கியிருந்தது.

"ஏண்டா மேடையில கல்லு மாதிரி நின்ன?" என்றான் ஹம்ஃப்ரி.

"என் காகிதத்துல பழைய வரிதான் இருந்துச்சு. யாரும் கோடு போட்டு அடிக்கல."

அவ்வளவுதான். அந்தத் தொழிலில் அது நடக்கக்கூடியதுதான். லண்டனில் எந்தக் கொட்டகையிலும் நடிகனுக்கு முழு நாடகத்தையும் கொடுப்பதில்லை. கொடுத்தால் மறுநாளே அக்கரைக் கொட்டகையில் அதே நாடகம் வேறு பெயரில் ஓடும். அவனவனுக்கு அவனவன் வசனம் மட்டும், ஒரு நீளக் காகிதச் சுருளில். அதற்கு முன்னால் எதிராளி பேசி முடிக்கும் கடைசி இரண்டு மூன்று சொற்கள். அந்தச் சொற்கள் காதில் விழுந்தால் வாய் திறக்கவேண்டும். விழாவிட்டால் வானமே இடிந்தாலும் நிற்கவேண்டும்.

அரசன் முடிதுறக்கும் காட்சியில் லாரன்ஸ் ஒரு வரி எழுதியிருந்தான். 'நீங்கள் மண்டியிடுவதால்தான் நான் உயரமாகத் தெரிகிறேன். எழுந்து நின்றுவிட்டால் இந்த நாற்காலியில் ஒரு கிழட்டு உடம்பு மட்டும்தான் மிஞ்சும்.' அரியணையில் வாரிசில்லாத ஒரு மூதாட்டி இருமிக்கொண்டிருக்கும் நாட்டில் இப்படி எழுதலாமா? குழுவின் பெரியவர்கள் வெலவெலத்துப்போனார்கள். அனுமதிக்காக அரண்மனைக்கு அனுப்பிய பிரதியில் அந்த வரியே இல்லை. ஹம்ஃப்ரியின் சுருளிலும் கோடு போட்டு அடித்தாயிற்று.

இனி ஜாஸ்பர் வாய் திறக்கவேண்டிய சொல் 'இதோ'. ஆனால் இன்று ஹம்ஃப்ரி கிரீடத்தைக் கழற்றி "இதோ" என்று நீட்டியபோது ஜாஸ்பர் வாயைத் திறக்கவில்லை. நின்றான். கொட்டகை முழுக்க நின்றது. திரைக்குப் பின்னாலிருந்து வசனம் எடுத்துக்கொடுப்பவர் கத்திய கத்தல் சீழ்க்கையில் அமுங்கிப்போனது. முதல் ஆரஞ்சுத் தோல் மேடையில் வந்து விழுந்தது. ஹம்ஃப்ரிக்குச் சட்டென்று புரிந்தது. இந்த முட்டாள் 'மட்டும்தான் மிஞ்சும்' என்ற சொற்களுக்காகக் காத்திருக்கிறான். அதைச் சொன்னால்தான் இவன் அசைவான்.

சொல்லிவிட்டான்.

கூட்டத்திலிருந்து ஆற்றைத் தாண்டிக் கேட்கும்படி ஒரு ஆர்ப்பரிப்பு. மேல்மாடத்தின் முன்வரிசையில் கறுப்புக் கோட்டுக்காரர் ஒருவர் எழுந்து, கையுறைகளை நிதானமாக மாட்டிக்கொண்டு வெளியேறினார்.

லாரன்ஸ் ஹம்ஃப்ரியின் தோளைப் பிடித்தான். "கேளு. எழுதினவன்னா கயிறு. மேடையில வாய்க்கு வந்தத உளறினவன்னா ரெண்டு காதோட போயிரும். சட்டம் அப்படி."

"காதோட போயிருமா? யார் காது வாத்தியாரே?"

"எனக்கு ஒரே கழுத்துதான்டா இருக்கு."

"எனக்கு மட்டும் நாலு காதா?"

"நீயா உளறினதா சொல்லாதய்யா," என்றாள் மார்ஜரி. "அவன் எழுதினத அவனே சொமக்கட்டும்."

ஹம்ஃப்ரி இன்னொரு துண்டைக் கிழித்துக் கணப்பில் போட்டான். ஒரு காலத்தில் அவன் கறிக்கடை வாசலில் நின்று ஈரலுக்கும் குடலுக்கும் கூவிக்கொண்டிருந்தவன். அந்தக் குரலைத் தெருவில் கேட்டு நின்று, கையைப் பிடித்து இழுத்துவந்து அரியணையில் உட்கார வைத்தவன் லாரன்ஸ். அவன் எழுதிய அரசர்கள் எல்லோரும் ஒரே ஜாதி. யாரையும் கொல்லச் சொல்லி ஆணையிடமாட்டார்கள். சாப்பாட்டு மேஜையில் பெருமூச்சு விடுவார்கள், அவ்வளவுதான். பெருமூச்சைக் கேட்ட ஒருவன் எழுந்துபோய்க் காரியத்தை முடித்துவிட்டு வருவான். அரசன் அழுவான். அழுதுகொண்டே அவனைத் தூக்கிலிடுவான். இதற்கெல்லாம் என்ன அர்த்தம் என்று ஹம்ஃப்ரி ஒருமுறை கேட்டான். "உனக்கு எதுக்குடா அர்த்தம்? குரல் இருக்குல்ல," என்றான் லாரன்ஸ். அதைப் பாராட்டு என்றே ஹம்ஃப்ரி எடுத்துக்கொண்டான்.

கதவு உடைந்தது.

விசாரித்தவர் அதே கறுப்புக் கோட்டுக்காரர். மேஜையில் ஒரு பேரிக்காயை வைத்து மெல்லிய சீவல்களாக நறுக்கிக்கொண்டிருந்தார். பக்கத்து அறையில் லாரன்ஸ் உட்காரவைக்கப்பட்டிருந்தான். அவன் இருமல் சுவரைத் தாண்டிக் கேட்டது.

"நீயே சொன்னது?"

"நானேதாங்க. அவன் வசனத்த மறந்துட்டு நின்னான். ஜனங்க தோலை எறிய ஆரம்பிச்சிட்டாங்க. வாயில வந்தது."

"கூத்தாடிங்க வாயில பன்னி, பொண்டாட்டின்னு கொச்சை வேடிக்கைதான்யா வரும். இந்த வரி எழுதுறவன் மூளையில வர்றது." அவர் ஒரு சீவலை வாயில் போட்டுக்கொண்டார். "சரி. வருதுன்னா இன்னொண்ணு வரட்டும். இப்பவே. வரலேன்னா, அடுத்த ரூம்ல இருமறவர இங்க உக்காரவெச்சுப் பேசிக்கறேன்."

ஹம்ஃப்ரி எத்தனையோ அரசர்களைப் பேசியவன். சொந்தமாக ஒரு வாக்கியம் பேசியதில்லை. மற்றவர்களின் சொற்கள் மண்டைக்குள் முண்டியடித்தன. எதையாவது எடுத்தால் இந்த மனுஷன் கண்டுபிடித்துவிடுவான். பேரிக்காயை அறுக்கும் அந்தச் சிறிய கத்தியையே பார்த்தான்.

"ராஜா வெட்டினாரு, ராஜா வெட்டினாருன்னு சொல்றாங்க. கத்தி ஒருநாளும் அவரு கையில இருந்ததில்ல."

கத்தி நின்றது. அதிகாரி நிமிர்ந்து அவனை முதன்முறையாக, ஒரு மனிதனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"அட! இது அதவிட நல்லாருக்கே."

மூலையிலிருந்த குமாஸ்தா இறகை மையில் தோய்த்தான்.

"எழுதாத," என்றார் அதிகாரி. "எழுதினா இவனத் தூக்குல போடணும். காதோட விட்டுருவோம். பேரிக்காய் சாப்பிடறியா?"

சந்தைச் சதுக்கத்தில் மரச்சட்டத்துக்குள் கழுத்தையும் கைகளையும் மாட்டி அவனை நிறுத்தியபோது, எதிரே நின்றது அதே கூட்டம். கொட்டகையில் ஆர்ப்பரித்த முகங்களில் சிலவற்றை அவனுக்கு அடையாளம்கூடத் தெரிந்தது.

"மகராசா, கும்பிடறோம்!"

"அந்த வரிய இன்னொருவாட்டி சொல்லு மகராசா! அன்னிக்குப் பின்னால நின்னேன், சரியாக் கேக்கல!"

அழுகிய முட்டை ஒன்று புருவத்தில் உடைந்தது. மீன் கூடைக்காரி ஒருத்தி இடுப்பில் கைவைத்து, "ஏய்யா, காது போச்சுன்னா கிரீடம் எதுலய்யா நிக்கும்?" என்றாள். சதுக்கமே சிரித்தது. தண்டனை நிறைவேற்றுபவனும் சிரித்தான். சிரித்தபடியே இடது காதைச் சட்டத்தோடு சேர்த்து ஆணியடித்தான். மார்ஜரி முன்வரிசையில் ஈரத்துணியோடு நின்றாள். "கத்தாதய்யா," என்றாள், உதடு மட்டும் அசைய. "தொண்ட போயிரும். தொண்டையாவது மிஞ்சட்டும்."

அவன் கத்தவில்லை. கூட்டத்துக்கு அதில் ஏமாற்றம்தான்.

இரண்டு காதுகளும் போய், புண் ஆறி வந்தபிறகு ஒரு மதியம் மறுபடி மேடையேறினான். மீன்காரி சொன்னது பலித்துவிட்டது. கிரீடம் புருவம்வரை சரிந்து இறங்கியது. ஏற்றிவிட்டான். மறுபடி இறங்கியது. அரசன் தன் இறந்த மகனுக்காக அழும் இடம். கொட்டகை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. மறுநாள் லாரன்ஸ் ஒரு கொழுத்த வறுத்த சேவலோடு வீட்டுக்கு வந்தான்.

"ஜனங்க சிரிக்கறாங்கடா, நான் என்ன பண்ண? ராஜாவ ஜாஸ்பர் பண்ணட்டும். உனக்குன்னு ஆவி ஒண்ணு எழுதறேன். மேடைக்கு அடியிலேர்ந்து பேசணும். குரல் மட்டும்."

"சேவலுக்குக் காது இருக்கா பாத்து வாங்கினீங்களா வாத்தியாரே?" என்றாள் மார்ஜரி.

லாரன்ஸ் இப்போது பெரிய ஆள். மதுக்கடைகளில் அவன் நுழைந்தால் பேச்சு நிற்கும். அந்த வரியை யார் எழுதியது என்பது ஊர் முழுக்கத் தெரியும், யாரும் சொல்லமாட்டார்கள். மாணவர்கள் அதைத் தாழ்ந்த குரலில் ஒப்பித்தார்கள். பிரபு ஒருவர் அவனை விருந்துக்கு அழைத்தார். ஹம்ஃப்ரிக்கு அதில் பொறாமையில்லை. ஒரு கழுத்தைக் காப்பாற்றியவன் என்ற நினைப்பு ஒன்றுதான் அவனிடம் மிச்சம். தொப்பியைப் போல அதை இறுக்கி மாட்டிக்கொண்டு நடந்தான்.

ஒரு நாள் நாடகம் முடிந்து மேடைக்கு அடியிலிருந்து தூசியோடு வெளியே வந்தவனை ஜாஸ்பர் வழிமறித்தான். அரசனின் அங்கியில் இருந்தான். குடித்திருந்தான்.

"ஹம்ஃப்ரி, என்னைய ஒரு அடி அடிச்சிரு."

"எதுக்கு? உன் காகிதத்துல பழைய வரி இருந்தா நீ என்னடா பண்ணுவே? விடு."

"பழைய வரி இல்ல." ஜாஸ்பர் சுவரைப் பிடித்துக்கொண்டான். "புது வசனம் எனக்கு மனப்பாடம். என் காகிதத்துல அன்னிக்குக் காலையிலயே திருத்தியாச்சு."

ஹம்ஃப்ரி தொப்பியைக் கழற்றித் தலையைச் சாய்த்தான். "சத்தமா சொல்லு. எனக்கு இப்பல்லாம் சரியா விழறதில்ல."

விழுந்திருந்தது. ஆனாலும் சொல்ல வைத்தான்.

"வாத்தியார்தான் நிக்கச் சொன்னாரு!" ஜாஸ்பர் கத்தினான். "'சும்மா நில்லு, ஹம்ஃப்ரியால மௌனத்தத் தாங்க முடியாது, அவனே சொல்லிருவான்'னாரு. 'காட்டியும் குடுக்கமாட்டான்'னாரு. மேல கறுப்புக் கோட்டுக்காரர் உக்காந்திருக்காரேன்னு நான் பயந்து காமிச்சேன். 'ஒருத்தன் ரத்தம் சிந்தினாத்தான்டா ஊரு ஒரு வரிய ஞாபகம் வெச்சிக்கும்'னு சொல்லிட்டுச் சிரிச்சாரு. ஹம்ஃப்ரி... அந்த ஆளக் கூட்டிட்டு வந்து முன்வரிசையில உக்காரவெச்சதே வாத்தியார்தான்."