பொண்ணு பார்க்க

நாள்காட்டியில் இருந்தது மங்களத்தின் கையெழுத்துதான். ‘வியாழன் 3 மணி. பொண்ணு பார்க்க.’

எழுதியது போன வாரம். அப்போது மகன் அர்ஜுன் பக்கத்தில் நின்று விளக்கமாகத்தான் சொன்னான்.

“அம்மா, கிளினிக்லேர்ந்து ஒரு பொண்ணு உங்களப் பார்க்க வரும். தெரபிஸ்ட். நீங்க தனியா சமாளிக்கிறீங்களான்னு பார்த்து ரிப்போர்ட் எழுதும். சரியில்லன்னு எழுதிட்டா இந்த வீட்டப் பூட்டிட்டு என்கூட பாசிர் ரிஸ் வீட்டுக்கு வந்துடணும். ஓகேவா?”

அவனையும் குற்றம் சொல்ல முடியாது. இரண்டு மாதத்தில் இரண்டு தடவை அடுப்பில் பால் கருகிவிட்டது. எதிர்வீட்டு ஆயிஷாதான் கதவைத் தட்டிக் காப்பாற்றினாள். ஆனால் புக்கிட் மேராவில் நாற்பது வருஷம் இருந்தவளுக்கு இந்த வீட்டை விட்டுப் போவதென்றால் சும்மாவா? அன்று முழுக்க மங்களத்துக்குச் சோறு இறங்கவில்லை.

வியாழக்கிழமை காலை அவளுக்கு அந்தக் கவலை இல்லை. அர்ஜுன் சொன்னதெல்லாம் மறந்துபோய், எழுதியது மட்டும் மிச்சமிருந்தது. முப்பத்தெட்டு வயதாகியும் கல்யாணப் பேச்சை எடுத்தாலே ‘ஷிப்டுக்கு நேரமாச்சு’ என்று ஓடுகிற பிள்ளையைப் பெற்றவள், ‘பொண்ணு பார்க்க’ என்று படித்தால் என்ன நினைப்பாள்? நீங்களே சொல்லுங்கள்.

‘பொண்ணே நம்ம வீட்டுக்கு வருதாக்கும்! காலம் மாறிப்போச்சு. நல்லதுதான்.’

பஸ் ஏறித் தேக்கா மார்க்கெட்டுக்குப் போனாள். கடைக்காரர் நீட்டிய வாழைக்காயை அமுக்கிப் பார்த்து, “இது பழுக்கப் போவுது, வேற கொடுங்க” என்று திருப்பிக் கொடுத்தாள். ரவை, முந்திரி, இரண்டு முழம் மல்லிகை. வீட்டுக்கு வந்து பிரஷர் மாத்திரையை விழுங்கினாள், கேசரி கிளறினாள், பட்டுப் புடவைக்கு மாறினாள். கடைசி பஜ்ஜியை எடுக்கும்போது வாசல் மணி அடித்தது. அடுப்பை அணைத்துவிட்டுக் கதவைத் திறந்தாள்.

“வணக்கம் ஆன்ட்டி. நான் திவ்யதர்ஷினி.”

“வாம்மா, வா. தனியாவா வந்தே? அப்பா அம்மா வரலியா?”

“அவங்க எதுக்கு ஆன்ட்டி?”

‘தைரியமான பொண்ணு’ என்று மெச்சிக்கொண்டே மங்களம் அவள் தலையில் மல்லிகையை வைத்துவிட்டாள். பெண் திகைத்தாலும் வேண்டாமென்று சொல்லவில்லை. பஜ்ஜியைக் கடித்தபடி காகிதத்தை எடுத்தாள்.

“நீங்களேதான் சமைக்கிறீங்களா ஆன்ட்டி?”

“பின்னே? காலையில நானே பஸ் ஏறித் தேக்கா போய் எல்லாம் வாங்கிட்டு வந்தேன். நல்லாருக்கே, நான் கேக்க வேண்டியதை நீ கேக்குறே! உனக்கு என்ன சமைக்கத் தெரியும்?”

“எனக்கா? இன்ஸ்டன்ட் மீ நூடுல்ஸ் நல்லா போடுவேன் லா.”

“பரவால்ல. போகப் போகப் பழகிடும்.”

“என்னென்ன மாத்திரை சாப்பிடுறீங்க?”

“பிரஷருக்கு ஒண்ணே ஒண்ணு, காலையில. பரம்பரையா வேற எந்த நோயும் இல்லம்மா. உங்க குடும்பத்துல எப்படி?”

“அப்பாவுக்கு மட்டும் சுகர்… ஆன்ட்டி, இன்னிக்கு என்ன கிழமை?”

“வியாழன். நல்ல நாள் பார்த்துத்தானே வந்திருக்கே!”

அந்த நேரம் பார்த்துச் சாங்கி ஏர்போர்ட்டில் வேலை முடித்து அர்ஜுன் உள்ளே நுழைந்தான். தெரபிஸ்ட் தலையில் பூ, கையில் பஜ்ஜி. அம்மா அவன் காதில் ஓதினாள்.

“லட்சணமா இருக்காடா. எனக்குச் சம்மதம்.”

“ஐயோ அம்மா! இவங்க கிளினிக்லேர்ந்து வந்தவங்க! உங்கள செக் பண்ண!”

மங்களம் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். இப்போது எல்லாம் ஞாபகம் வந்தது.

“அப்போ… நான் ஃபெயிலாம்மா?”

திவ்யதர்ஷினிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு மங்களத்தின் கையைப் பிடித்தாள்.

“ஆன்ட்டி, நான் எதுக்கு வர்றேன்னு மறந்துட்டீங்க. அதை எழுதத்தான் வேணும். ஆனா தனியா பஸ் ஏறி, சாமான் பார்த்து வாங்கி, இவ்வளவும் செஞ்சு, அடுப்பையும் அணைச்சிருக்கீங்க. உங்களால ஒரு டீ போட முடியுதான்னு டெஸ்ட் வைக்கத்தான் நான் வந்தேன்! தானா அணையுற அடுப்பா மாத்திடுங்க. ஆறு மாசம் கழிச்சு மறுபடி பார்க்கலாம். அதுவரைக்கும் இங்கேயே இருங்க.”

மங்களம் எழுந்து புடவைக் கொசுவத்தைச் சரிசெய்துகொண்டாள். முகமெல்லாம் பல்.

“கேட்டியாடா அர்ஜுன்? பஜ்ஜி ஆறுது. தின்னுட்டு உன் வீட்டுக்குக் கிளம்பு. நான் என் வீட்டுல இருக்கேன்.”