மஞ்சள் சட்டைக்கு ஊர்ப்பட்ட யோசனை

புறநகர் மாலில், மூன்று கண்ணாடி வைத்த அறைக்குள் அரை நாள் துணிகளைப் போட்டுப் பார்த்தும் என் நாத்தனார் ஒன்றும் எடுக்கவில்லை. "ஆனாலும் இங்கதான் நிம்மதி அண்ணி. ராத்திரி சந்தைன்னா ஒரே இரைச்சல்" என்றாள். விடுவேனா? அன்று சாயங்காலமே சந்தைக்கு இழுத்துப்போனேன்.

மஞ்சள் சட்டை ஒன்றைத் தோளில் வைத்துப் பார்த்ததுதான் தாமதம், "தூள்!" என்றார் பக்கத்துச் செருப்புக்கடைக்காரர். "கழுத்து ரொம்ப எறக்கம்" என்றாள் குழந்தையோடு போனவள். "அதெல்லாம் இல்ல, எடுப்பா இருக்கு!" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். நாத்தனார் திருதிருவென்று விழித்தாள்.

"வேணாம்னா குடுங்க, நான் எடுத்துக்கறேன்" என்று ஒரு கை நீண்டது.

"வேணாம்னு யாரு சொன்னா?" சட்டையை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

நான் பணம் கொடுத்துவிட்டுத் திரும்பினால் ஆளைக் காணோம். எதிர்க்கடையில், முன்பின் தெரியாத ஒருத்தியிடம் கறாராகச் சொல்லிக்கொண்டிருந்தாள்: "பச்சை உங்களுக்குச் சேரலக்கா. அந்தச் சிவப்பை எடுங்க!"