நூற்றுப் பதினோராம் பக்கத்துக் கயிறு

1

இந்தக் கதை என் அக்காவிடமிருந்து திருடியது. முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன், பிடிபட்ட பிறகு சொன்னால் மதிப்பில்லை. அவள் லிஃப்ட் மெக்கானிக். மற்றவர்கள் சுகமாக ஏறி இறங்குவதற்காகப் பத்தொன்பது வருடம் ஏணியில் ஏறி இறங்கி, வலது முட்டி போய்விட்டது. சேமிப்பைப் பெருக்கி, சொந்தமாகச் சின்னப் பட்டறை வைத்து, உட்கார்ந்து வேலை பார்க்க வேண்டும் என்பது அவள் ஆசை. அதற்காக, சந்தை கைகழுவிவிட்ட சுரங்கக் கம்பெனிகளின் பங்குகளைத் தேடிக்கொண்டிருக்கிறாள்.

2

அடித்துவிட்ட தொடக்கங்கள்:

[பூமிக்கு அடியில் செம்பு உறங்கிக்கொண்டிருந்தது. – செம்பு எங்கே உறங்கும்? அடித்தேன்.]

[அவன் ஒரு லிஃப்ட் மெக்கானிக். பங்குச் சந்தையைப் பற்றி அவனுக்கு –]

இந்த இரண்டாவதை அக்கா பார்த்துவிட்டாள்.

“என்னை ஏன்டா ஆம்பளை ஆக்குன?”

“அடையாளம் தெரியக் கூடாதுன்னுதான்க்கா.”

“முட்டி வலி எனக்கு, கதை அவனுக்கா?”

மாற்றிவிட்டேன்.

3

அக்கா ஆண்டறிக்கையைக் கடைசிப் பக்கத்திலிருந்துதான் படிப்பாள். முன்பக்கத்தில் தலைவர் சிரித்துக்கொண்டிருப்பார். கடன், வழக்கு, மிச்சமிருக்கும் தாது எல்லாம் பின்னால் பொடி எழுத்தில் ஒளிந்திருக்கும். இப்படி நாற்பது கம்பெனிகளைக் கழித்த பிறகு ஒன்று மிஞ்சியது. செம்புச் சுரங்கம். கடன் இல்லை. அதன் எல்லாப் பங்குகளையும் சேர்த்து வாங்கினாலும், வங்கியில் அது வைத்திருக்கும் பணத்தைவிடக் குறைவாகவே ஆகும். இரண்டு வருடத்தில் மூடிவிடுவார்கள் என்ற பேச்சுதான் காரணம்.

நூற்றுப் பதினோராம் பக்கத்தில் ஒரு படம். ஆட்களைச் சுரங்கத்துக்குள் இறக்கும் கூண்டும் அதைத் தாங்கும் இரும்புக் கயிறும், ஓரத்தில் கவிழ்ந்த வாளி ஒன்றும். அக்கா பூதக்கண்ணாடியை வைத்தாள்.

“புதுக் கயிறுடா! மூடப்போற சுரங்கத்துக்கு எவனாவது புதுக் கயிறு போடுவானா?”

(கணக்கர்களும் ஆய்வாளர்களும் புரட்டிப்போன பக்கம் அது. எனக்கு மெய்சிலிர்த்தது. கதை கிடைத்துவிட்டது என்பதும் ஒரு காரணம்.)

4

அத்தான் பள்ளி வேன் ஓட்டுகிறார். காத்திருக்கும் நேரத்தில் பத்திரிகையில் வரும் ‘ஆறு வித்தியாசங்கள்’ போட்டுப் பழகியவர்.

“ஆழம் தெரியாம காலை விடாதேம்பாங்க. நீ சுரங்கத்துலயே விடுற” என்றபடி பழைய அறிக்கைகளைப் புரட்டினார். மூன்று வருடத்துக்கு முந்தையதில் நிறுத்தினார். இரண்டு படங்களையும் அருகருகே வைத்தார்.

“என்னம்மா இது, ஒரு வித்தியாசம்கூட இல்லையே?”

அதே கூண்டு. அதே கவிழ்ந்த வாளி. அந்தக் கயிறு மூன்று வருடத்துக்கு முன்னால் புதிது.

அக்கா முட்டிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கப் போய்விட்டாள். நல்ல திருப்பம் என்று நான் உள்ளுக்குள் குதித்தேன். வெட்கமாக இருக்கிறது.

5

முடிவுகள், அக்காவின் கருத்துகளுடன்:

(அ) பங்கு பத்து மடங்கு ஏறுகிறது. “சினிமா.”

(ஆ) சுரங்கம் மூடப்படுகிறது. “உன் வாயைக் கழுவு.”

(இ) எல்லாவற்றையும் விட்டுவிட்டு அவள் நிம்மதியாக – “நிம்மதியா ஏணி ஏறுறேனா?”

6

எனக்குத் தெரியாமல் அவள் அந்தக் கம்பெனிக்கு ஒரு மின்னஞ்சல் போட்டிருந்தாள். ஒரே கேள்வி: ‘கயிறு கடைசியாக எப்போது மாற்றினீர்கள்?’

பதினோராம் நாள் சுரங்கத்தின் பொறியாளரே பதில் எழுதினார். ‘போன மாதம். பாதுகாப்புத் துறைப் பதிவேட்டில் யாரும் பார்க்கலாம். படத்தை மாற்றத்தான் மறந்துவிட்டோம்.’

பதிவேட்டைத் தேடிப் பார்த்தோம். இருந்தது.

அத்தான் பதிவேட்டிலிருந்த தேதியைச் சரிபார்த்தார். “கயிறு நல்ல கயிறுதான். அதுக்காக மொத்தச் சேமிப்பையும் அதுல தொங்கவிடாத.”

அக்கா சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்துப் பல மாதங்கள் ஆகியிருந்தன.

7

இதை எழுதும்போது அவள் எதிரே, காலை முக்காலிமேல் நீட்டி, கைபேசியோடு உட்கார்ந்திருக்கிறாள். “உன் கதையில எத்தனை பங்குடா வாங்குறேன்?” என்று கேட்கிறாள்.

எனக்குத் தெரியவில்லை. இடம் விட்டிருக்கிறேன்:

அக்கா வாங்கிய பங்குகள்: ________

எண்ணை நீங்கள் போடுங்கள். அந்த முட்டியையும் அத்தான் சொன்னதையும் நினைத்துக்கொண்டு போடுங்கள். அவள் கடைசிப் பக்கத்திலிருந்துதான் படிப்பாள்; முதலில் பார்க்கப்போவது உங்கள் எண்ணைத்தான்.